குழி துப்பிய சகதி

அத்தியாயம் 7

அந்த ஆள் கல்லை நக்கினார்.

கேலிக்குச் சொல்லவில்லை. ஐம்பது வயது, பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம், மடிப்புக் கலையாத சட்டை, கம்பெனியின் தலைமை ஜியாலஜிஸ்ட். தன் தோல்பையிலிருந்து ஒரு முழ நீளக் கிரானைட் துண்டை எடுத்தார். நாக்கை நீட்டி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே இழுப்பாக இழுத்தார். எச்சில் பளபளக்க அதை மேடத்திடம் நீட்டினார்.

"ஈரமானாத்தான் உள்ள இருக்கற மணியெல்லாம் தெரியும். பாருங்க."

மேடம் குனிந்து பார்த்தார். பதினாறு வருடமாகத் துப்பறிகிறவர். அழுகின பிணத்தின் பையில் கைவிட்டு பஸ் டிக்கெட் எடுத்தவர். நான் அவருடைய உதவியாள். என் வயிற்றுக்கு அந்த அனுபவம் பத்தாது.

"தண்ணி பாட்டில் பக்கத்துலயே இருக்கே சார்," என்றேன்.

"பழக்கம் தம்பி. எங்க தொழில்ல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நீங்களும் ஒருதரம் பாக்கறீங்களா?"

"காலையிலயே சாப்பிட்டுட்டேன் சார்."

மேடம் என் காலை மிதித்தார்.

நாங்கள் நின்றுகொண்டிருந்த தகரக் கொட்டகைக்குக் கோர் ஷெட் என்று பெயர். ஊருக்கு வெளியே ஒரு மலை. அதில் கம்பெனி முந்நூறு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, உருளை உருளையாகக் கல்லை உருவியது. அந்த உருளைதான் கோர். ஒவ்வொரு கோரையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பையில் கட்டிச் சோதனைக்கூடத்துக்குப் போகும். மறு பாதி பெட்டியில் அடுக்கி ஷெட்டில் இருக்கும், பிற்பாடு யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்ப்பதற்கு.

சோதனைக்கூடம் பார்த்துவிட்டு, கல்லில் டின் என்கிற வெள்ளீயம் கொட்டிக்கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. கம்பெனி தலைகால் புரியாமல் ஆடியது. பத்து நாளைக்கு முன் மலையை வாங்க வந்த ஒரு பெரிய நிறுவனம் ஷெட்டிலிருந்த மறு பாதிகளை எடுத்துத் தானே சோதித்துப் பார்த்தது. டின் மருந்துக்குக்கூட இல்லை.

இரண்டு பாதியில் ஒன்று பொய். ஜியாலஜிஸ்ட் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஷெட்காரர்தான் நல்ல கல்லைப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கல்லை அடுக்கிவைத்தார் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். பதினோரு வருடம் அந்தப் பெட்டிகளைப் பிள்ளை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்த மனிதர் நாலு நாளாக, கைது என்று கணக்கில் காட்டாமல், விசாரணை என்ற பெயரில் ஸ்டேஷனில் கிடக்கிறார். இன்று மாலை நாலு மணிக்குக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே போனால் எப்போது வெளியே வருவார் என்று வக்கீலுக்கே தெரியாது.

எங்களைக் கூப்பிட்டது அவருடைய மனைவி. தையல்காரர். காலையில் அவர் வீட்டுக்குப் போனபோது வெட்டித் தள்ளிய துணிக்கு நடுவே உட்கார்ந்து கணவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மிஞ்சிப்போன பச்சைத் துணி நாடாவால் இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை அவிழ்க்கப் பல் வேண்டும்.

"முடிச்சப் பாத்தாலே அவருக்குத் தெரிஞ்சிடும், நான்தான் கட்டினேன்னு," என்று அவராகவே சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டது அவருடைய தம்பி. கம்பெனியின் பிக்கப் வண்டி டிரைவர். மலையிலிருந்து ஷெட்டுக்குப் பெட்டி, ஷெட்டிலிருந்து சோதனைக்கூடத்துக்குப் பை, எல்லாம் அவன் வண்டிதான். மாமா உள்ளே போன அன்றிலிருந்து ஷெட் சாவிக்கொத்தும் அவன் இடுப்பில்தான்.

"மாமா எப்படிடா இருக்கார்?"

"நல்லா இருக்கார்க்கா. நேத்து சாப்பாடு நல்லாருந்துச்சுன்னு சொல்லச் சொன்னார்."

"நானும் ஒருதரம் வந்து பாத்துட்டு..."

"அங்கல்லாம் நீ வந்து நிக்க வேணாம்க்கா. ஒருத்தரைத்தான் விடறாங்க. நான் பாத்துக்கறேன்ல?"

நல்ல தம்பி என்று நினைத்தேன். என் ஆள் கணிப்பு எப்போதுமே இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அவன் வண்டியில்தான் ஷெட்டுக்கு வந்தோம். முன் சீட்டில் மேடம், பின்னால் மூட்டை ஏற்றும் இடத்தில் நான். இறங்கினபோது என் கறுப்பு பேண்ட்டின் பின்புறம் முழுக்க ஜிகினா தூவினது மாதிரி மினுமினுத்தது. தட்டினேன், போகவில்லை. ஈரக் கைக்குட்டையால் துடைத்தேன், கைக்குட்டையும் மினுமினுத்தது.

"ஸ்கூல் நாடகத்துல ராஜா வேஷம் போட்டவன் மாதிரி இருக்கே," என்று சிரித்தார் மேடம். "விடு. இனிமே துடைக்காதே."

எங்களை விட்டுவிட்டு, "சாப்பாட்டக் குடுத்துட்டு வந்துடறேன்," என்று தம்பிக்காரன் கிளம்பிப் போனான்.

இப்போது அந்த எச்சில் கல்லுக்கு வருவோம்.

"இது சோதனைக்கூடம் பார்த்த கல்லா சார்?" என்றார் மேடம்.

"ஆமா. அங்கருந்து திரும்பி வந்த துண்டு. இதுதான் அசல்." அதைத் திருப்பிக் காட்டினார். வெளுப்பான கல், உடலெங்கும் வெள்ளி மினுக்கு. "பெட்டியில இருக்கறது வெறுங்கல்லு. அவன் வெச்சது."

"எனக்குக் கல்லுன்னா ஒண்ணுமே தெரியாது சார். கிரானைட்டுன்னா சமையல் மேடைதான் தெரியும். அதுல டின் எப்படி சார் வரும்?"

மேடத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இத்தனை வருடத்தில் எனக்கே பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஜியாலஜிஸ்ட்டின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் படித்த ஆள்களை எனக்கு நன்றாகத் தெரியும். கேட்க ஆள் கிடைத்தால் வீடு தீப்பிடித்தாலும் பாடத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

"நம்ம காலுக்குக் கீழ இருக்கற நிலம் சும்மா இருக்கறதில்லம்மா, நகர்ந்துகிட்டே இருக்கு. ரெண்டு நிலம் வந்து முட்டிக்கிச்சுன்னு வைங்க. முட்டின ஓரம் மடிஞ்சு தடிச்சுப் போகும். தடிச்சதோட அடி சூடேறி உருகும். பழைய சேறு, களிமண்ணு எல்லாம் உருகின குழம்பு அது. ஆறும்போது கிரானைட்டாகும். கடைசியா மிஞ்சற சாறுல டின் வந்து சேரும். இந்த மினுக்கு பாத்தீங்களா? வெள்ளைக் காக்காப்பொன், மைக்காம்பாங்க. அந்தக் குழம்போட முத்திரை."

"எல்லாக் கிரானைட்டும் அப்படித்தானா?"

"சேச்சே! இன்னொரு வகை இருக்கு. கடல் தரை நிலத்துக்கு அடியில சொருகிக்கிட்டுப் போற எடத்துல பொறக்கறது. அது வேற குழம்பு. கறுப்பா காந்தப் பொடி கலந்திருக்கும், காந்தத்த இழுக்கும். அங்க செம்பு கிடைக்கும், சமயத்துல தங்கமும் கிடைக்கும். டின் தேடறவன் அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டான்."

சட்டைப் பையிலிருந்து நுனியில் காந்தம் வைத்த பேனாவை எடுத்து அந்த வெளுப்புக் கல்லின் மேல் தேய்த்தார். "பாத்தீங்களா? சீண்டவே இல்ல. முட்டல்ல பொறந்தது."

"இந்த மலையும் முட்டல்ல பொறந்ததுதானா சார்?"

ஒரு நொடி தாமதித்தார். "ஆமா. பின்ன?"

"ரெண்டு வகையும் ஒரே துளையில வருமா?"

"வரவே வராது," என்றார் பட்டென்று. இதில் மட்டும் அவருக்குத் தாமதமே இல்லை.

வெளியே வந்ததும் மேடம் கைப்பையைக் குலுக்கினார். "டேய் வாயாடி, மனுஷன் எதைப் பத்தி வேணா பொய் சொல்வார் போல. கல்லைப் பத்தி மட்டும் பொய் சொல்ல வாய் வர மாட்டேங்குது பாத்தியா?"

"பாத்தேன். நாக்கு வேற வேலையில இருந்துச்சு மேடம்."

"மலைக்கு நடப்போம்."

"மலை மேல இருக்கற கல்லைக் காட்டினா, அது வெறும் தோலு, அடியில வேறன்னு சொல்லிடுவாரே?"

"அதனாலதான் அடியைப் பாக்கப் போறோம்."

முந்நூறு மீட்டர் அடியை எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்டது தப்பு. இருபது நிமிட நடையில் பதில் கிடைத்தது, அதன் நாற்றம் பத்து நிமிடம் முன்னாடியே வந்துவிட்டது.

துளை போட்ட இயந்திரம் எப்போதோ போய்விட்டது. துளையின் வாயில் ஒரு மூடி. அதன் பக்கத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு குழி, நிறையச் சாம்பல் நிறச் சகதி. அதில் ஒரு தவளை மல்லாந்து ஊதிப்போயிருந்தது. மேலே எண்ணெய்ப் படலம், காய்கறித் தோல், யாரோ கழற்றிப் போட்ட காலுறை. அழுகின முட்டை வாடை மூக்கிலிருந்து இறங்கித் தொண்டையில் உட்கார்ந்தது.

"குழாயோட வாயில வைரப் பொடி பதிச்ச வளையம் இருக்கும்," என்றார் மேடம் மூக்கைப் பொத்தியபடி. "அது சுத்திச் சுத்தி அரைக்கும். நடுவுல நிக்கற தூண் கோரா மேல வரும். அரைபட்ட மாவு?"

"தண்ணியோட வெளிய வரும்."

"எங்க வரும்?"

நான் குழியைப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது, அதை யார் அள்ளப்போகிறார்கள் என்பதும்.

"கோரைப் பூட்டி வெச்சாங்க. பையைக் கட்டி சீல் வெச்சாங்க. ஆனா இந்தத் துளை துப்பின சகதியை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. இதைப் போய் யார் மாத்துவான்? ம், சட்டையைக் கழட்டு."

தோள் வரைக்கும் கையை விட்டேன். சகதி வெதுவெதுப்பாக இருந்தது. எதற்கு அது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்? விரல்களுக்கு நடுவே ஏதேதோ வழுக்கியது. அடியிலிருந்து நாலு கை அள்ளி, கொண்டுபோன வாளியில் போட்டேன். மேடம் கைப்பையின் காந்தப் பித்தானைப் பிய்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாளிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். வெளியே எடுத்தபோது அதற்குத் தாடி முளைத்திருந்தது. கறுப்புத் தாடி.

"இப்ப மினுக்கைத் தேடு."

பாட்டில் தண்ணீரை ஊற்றி, கலக்கி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். காக்காப்பொன் என்றால் தண்ணீரில் கரையாது, அரைத்தாலும் மினுக்கும். என் பேண்ட்டில் ஒட்டியது இன்னும் போகவில்லையே! வாளியில் ஒரு பொட்டு மினுக்கு இல்லை. குழியின் வேறு இரண்டு மூலையிலும் அள்ளச் சொன்னார். அங்கும் இல்லை.

மூன்றாம் முறை கைவிட்டபோது ஏதோ மெத்தென்று மாட்டியது. இழுத்தேன். சேறு அப்பிய பொட்டலம். பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் ஒன்று. பிளாஸ்டிக் ஓரத்தில் கசிந்த புளித்த சோற்று வாடையில் நான் ஒதுங்கிப் போய் உண்மையாகவே வாந்தி எடுத்தேன்.

"மெஸ் குப்பை மேடம், தூக்கிப் போடுங்க," என்றேன் வாயைத் துடைத்துக்கொண்டு.

மேடம் ஒரு பொட்டலத்தின் மேல் மிச்சத் தண்ணீரை ஊற்றினார். உற்றுப் பார்த்தார். பிணத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர், முதல்முறையாக முகம் சுளித்தார். பிறகு மூன்றையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டினார்.

"அது எதுக்கு மேடம்?"

"ரெண்டு மணிக்குச் சொல்றேன்."

இரண்டு மணிக்கு, பெட்டிகளை எண்ணிக் கையெழுத்து வாங்குவதற்காக இன்ஸ்பெக்டர் ஷெட்காரரை அழைத்துவந்தார். மேடம் போன் போட்டு மனைவியையும் வரவழைத்திருந்தார். ஷெட்காரர் நாலு நாளில் பாதி ஆளாகிவிட்டிருந்தார். மனைவியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா விக்கித்துப்போய் நின்றார். அவருக்குப் பக்கத்தில் தம்பி, இடுப்பில் சாவிக்கொத்து. ஜியாலஜிஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மேடம் தாடி முளைத்த காந்தத்தை மேஜை மேல் வைத்தார். எங்கிருந்து எடுத்தது என்று சொன்னார். பிறகு ஜியாலஜிஸ்ட்டின் பேனாவைக் கேட்டு வாங்கி, நூலில் கட்டி, பெட்டியில் இருந்த கோரின் பக்கத்தில் தொங்கவிட்டார். பேனா கோரைப் பார்த்துத் திரும்பியது. வெளுப்புக் கல்லின் பக்கத்தில் தொங்கவிட்டார். அசையவில்லை.

"சகதியில இருக்கறது ட்ரில் குழாய் தேஞ்ச இரும்புத் தூள்தான்!" என்றார் ஜியாலஜிஸ்ட் அவசரமாக.

"இருக்கலாம் சார். அதனாலதான் காக்காப்பொன்னையும் தேடினோம். முத்திரைன்னு நீங்கதானே சொன்னீங்க? முந்நூறு மீட்டர் அரைச்ச மாவுல ஒரு மினுக்கு இல்ல. கடல் தரை சொருகின எடத்துல பொறந்த மலை சார் இது. டின் தேடறவன் தலைவெச்சும் படுக்க மாட்டான். ரெண்டும் ஒரே துளையில வரவே வராது. இதுவும் நீங்க சொன்னதுதான்."

அவர் அந்த வெளுப்புக் கல்லைக் கையில் எடுத்தார். எதற்கென்றே தெரியாமல் அவருடைய நாக்கு வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் உள்ளே போனது.

"அப்ப பெட்டியில இருக்கறதுதான் அசல்," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "இவர் எதையும் மாத்தல. சோதனைக்கூடத்துக்குப் போன பைதான் பொய்."

"பையக் கட்டினதும் இவன்தானே? கட்டும்போதே மாத்தியிருப்பான்!" என்றார் ஜியாலஜிஸ்ட் ஷெட்காரரைக் காட்டி.

"டேய், திரும்பி நில்லு," என்றார் மேடம் என்னிடம்.

திரும்பினேன். நாலு பேர் என் பின்புறத்தை அத்தனை கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மதிய வெயிலில் அது ஜொலித்திருக்க வேண்டும்.

"ஷெட் தரையைப் பெருக்கிப் பாத்துட்டேன் சார், ஒரு மினுக்கு இல்ல. பிக்கப் வண்டியோட பின் பலகையில இருக்கு. பொய்க் கல்லை ஷெட்டுக்குள்ள வெச்சுப் பையில போடல. இங்கருந்து கிளம்பின பை வழியிலதான் மாறியிருக்கு. வழியில பை யார் கிட்ட இருந்துச்சு?"

எல்லோரும் தம்பிக்காரனைப் பார்த்தார்கள். அவன் ஜியாலஜிஸ்ட்டைப் பார்த்தான்.

"டிரைவர் பண்ணதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அவர், கையை உதறிக்கொண்டு.

"சார்!" அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "நீங்கதானே பழைய டின் சுரங்கத்துக் கல்ல ஏத்தி வர அனுப்பினீங்க? உன் மாமன் சாவி தர மாட்டேங்கறான், வழியிலயே மாத்திடுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஷெட் வேலைய எனக்கே போட்டுத் தர்றேன்னு..."

"தம்பி," என்றார் அக்கா.

"நீ கூடவா?" என்றார் ஷெட்காரர் அவனிடம். பிறகு மனைவியிடம் திரும்பினார். "நாலு நாளா ஒரு வாய்ச் சோறு வரல. எட்டிக்கூடப் பாக்கல. நீயும் என்னைத் திருடன்னு நம்பிட்டேன்னு நெனச்சேன்."

"வரலையா? தினம் கட்டிக் குடுத்தேனே! நல்லாருந்துச்சுன்னு சொன்னீங்களாமே!"

"வீட்டுச் சாப்பாடுன்னு யாரும் எதுவும் கொண்டுவரலையேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம் பையைப் பிரித்தார். கழுவி வைத்த மூன்று பொட்டலங்கள். மூன்றிலும் பச்சை நாடா, அவிழ்க்காத இரட்டை முடிச்சு. சொந்த அக்கா புருஷன் மேல் பழி போட்டான், அவர் நாற்காலியில் உட்கார்ந்தான், அவருக்குப் போன சோற்றைத் தவளை செத்த குழியில் எறிந்துவிட்டு, நல்லாருந்துச்சுன்னு சொன்னார் என்று அக்காவிடம் வந்து சொன்னான். சீ என்று துப்பலாம். துப்பினால் எச்சிலுக்குத்தான் கேவலம்.

"மாமா மூஞ்சியப் பாக்க முடியலக்கா," என்று அழுதான். "ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போவேன். காலு வராது. திரும்பிடுவேன்."

"குழி வரைக்கும் போறதுக்குக் காலு வந்துச்சா?" என்றார் மேடம்.

இன்றைய பொட்டலம் வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்தது. கான்ஸ்டபிள் எடுத்து வந்து கொடுத்தார். அந்த அம்மா அவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கணவர் கையில் வைத்தார். நாற்காலியைத் துடைத்து அவரை உட்காரவைத்தார். ஷெட்காரர் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, ஆறிப்போன சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். ஜியாலஜிஸ்ட்டை ஜீப்பில் ஏற்றினார்கள். போகிற போக்கில் மேடம் அவருடைய பேனாவைத் திருப்பிக் கொடுத்தார், கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு.

தம்பிக்காரனையும் ஏற்றப்போனபோது அக்கா குறுக்கே வந்தார். அறையப்போகிறார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவனை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க சார்?"

"சொல்ல முடியாதும்மா. நாளாகும்."

அவர் இடுப்பில் செருகியிருந்த பச்சை நாடாத் துண்டை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"எங்களுக்கு அப்பா அம்மா கிடையாது. நாளையிலேர்ந்து இவனுக்கும் நான்தான் கட்டியாகணும்," என்றார். பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டார். "யார் கையில குடுத்து விடட்டும்டா? நம்பிக் குடுக்க ஒரு ஆளை நீயே சொல்லு."